பில்லர் விட்ட கொல்லை

பீரப்பாவின் ஆடுகள் என் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் ஒரு புங்கங்கொம்பு இருந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஆடு என்றதும் கொழுத்த ஆடுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வருஷம் மழை ஒரேயடியாக ஏமாற்றிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் விலா எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. கத்துவதற்குக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. சத்தமில்லாமல் வரப்போரம் வரிசைகட்டி நின்று அறுப்பு முடிந்து நின்ற என் கேழ்வரகுத் தாளையே பார்த்தன. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் கொல்லை, கோரமண்டலில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளைத் தாண்டி, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்கு அந்தப் பக்கம், ஓடையைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. குத்தகை நிலம்தான். வானம் பார்த்த பூமி. கேழ்வரகைத் தவிர வேறொன்றும் அதில் வராது. அந்தக் கேழ்வரகைத்தான் நான் நம்பியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் துளசிராமன் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் இருக்க பூமிக்கடியில் கட்டை கொடுத்து நிறுத்துகிற வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போதெல்லாம் என் உயிரும் கூடவே இறங்கும். இருமல் வேறு பிடித்துக்கொண்டது. வரப்போகிற விதைப்பில் கொல்லை வீட்டுச் சோற்றுக்குத் தேறிவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மேலேயே இருந்துவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குக் கொல்லையில் மண் இருக்க வேண்டும். அந்த மண்ணைத்தான் நான் கொம்பும் கையுமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் ஒரு தடவை அதை நாங்கள் பறிகொடுத்திருந்தோம். அறுப்பு முடிந்ததும் பீரப்பா மந்தையை ஓட்டிவந்து எங்கள் கொல்லையில் கிடை போடுவது வழக்கம். பகலில் ஆடுகள் தாளை மேயும், ராத்திரி அங்கேயே படுக்கும். தாள் அவருக்கு, புழுக்கை எங்களுக்கு. இரண்டு பேருக்கும் லாபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஆடு மேய்ந்தால் வேரோடு ஒட்ட மேய்ந்துவிடும், குளம்பு பட்ட இடம் மாவாகிவிடும். இரண்டு சித்திரைக்கு முன்னால் ஒரே ஒரு கோடை மழை வந்தது. மாவான மண்ணையும் அத்தனை புழுக்கையையும் வழித்து ஓடையில் போட்டுவிட்டுப் போய்விட்டது. சரிவு முழுக்கச் சுக்கான்கல் பல்லை இளித்தது. அந்த வருஷத்துப் பயிர் கணுக்காலைத் தாண்டவில்லை.

அன்றைக்கு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "கீழ நாங்க ஒரேடியா வழிச்சி எடுக்க மாட்டோம் மணி. அங்கங்க பில்லர் வுட்டுத்தான் எடுப்போம். இல்லன்னா மேல இருக்கறது தலைமேல வந்துடும். இங்கயும் பில்லர் வுடணும்."

அப்படித்தான் விட்டார். அதற்கு அடுத்த வருஷத்து அறுப்பில் சரிவுக்குக் குறுக்கே மூன்று பட்டையை மட்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தாள் நிற்க அறுத்தார். மேல் பில்லர், நடு பில்லர், கீழ் பில்லர். இடையில் உள்ளதெல்லாம் பீரப்பாவின் ஆடுகளுக்கு. பில்லரில் மட்டும் வாய் வைக்கக் கூடாது. சுற்றுப்பட்டு ரெட்டிகள் எல்லாம் சிரித்தார்கள். துளசிராமன் கேழ்வரகுக் கொல்லையில் சுரங்க ஷாஃப்ட் தோண்டுகிறான் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பீரப்பா சிரிக்கவில்லை. தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அப்போது ஊரில் புல் இருந்தது.

இப்போது எங்கேயும் ஒன்றுமில்லை. ஓடைப் படுகையைக்கூட நக்கி முடித்தாகிவிட்டது. பச்சையோ காய்ந்ததோ, பார்வைக்கு எட்டிய தூரத்தில் தின்கிற மாதிரி மிச்சமிருந்தது என்னுடைய மூன்று பட்டைதான்.

"அக்கா," என்றார் பீரப்பா. அவருக்கு வீட்டுப் பேச்சு கன்னடம், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். கருப்புக் கம்பளிக்குள் ஓர் ஆட்டுக்குட்டியை அணைத்து வைத்திருந்தார். மற்றக் கையால் ஒரு விரலைக் காட்டினார். "ஒந்து பட்டை வுடு. ஒந்தே ஒந்து."

"முடியாது."

"தாய்க்குப் பாலு இல்ல. குட்டி நிக்கமாட்டேங்குது பாரு."

"பாத்துக்கினுதான் கீறன். முடியாதுன்னா முடியாது. ஒத்துக்கினுதான வந்த நீ?"

"ஒத்துக்கினேன். மழை ஒத்துக்கலயே."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "மழைகிட்ட போய்க் கேளு அப்ப!" என்று கத்தினேன். ஒரு கிழட்டு ஆடு மெதுவாக மேல் பில்லர் பக்கம் கழுத்தை நீட்டியது. கல்லெடுத்து வீசினேன். முன்னங்காலில் பட்டது. ஆடு நொண்டிக்கொண்டே பின்வாங்கியது. பீரப்பா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பேன்.

"அது வெறும் தாளு இல்ல பீரப்பா," என்றேன், குரலைக் கொஞ்சம் இறக்கி. "என் ஊட்டுக்காரரு உயிரு அது."

அவர் குட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். அது சப்பவில்லை. "தாளு எப்டி அக்கா ஆம்பள உயிராவும்? என் குட்டிக்குன்னா உயிரு. அது எனக்குப் புரியுது."

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மேற்கே கரேலென்று மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. போன முறை மண்ணை வாரிக்கொண்டு போனதும் இதே மாதிரி ஒரு மேகம்தான். ஊரே மழைக்காக வாய் பிளந்து நிற்கும்போது நான் ஒருத்தி அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். கொம்பை இறுகப் பிடித்தேன். பீரப்பாவும் நகர்வதாக இல்லை. நான் கண்ணயர்ந்தால் போதும், மந்தை உள்ளே இறங்கிவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் காலுக்கடியில் பூமி உதறியது.

ஒரே உதறல். சயனைடு மேட்டின் முகட்டிலிருந்து வெள்ளைப் புழுதி எழும்பியது. லைன் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும். ஏர் பிளாஸ்ட். கீழே எங்கோ பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பகல் ஷிஃப்டில் இருந்தார்.

பூமி அதிர்ந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அடுப்பில் இருப்பது அடுப்பில், குளித்துக்கொண்டிருப்பவள் ஈரத் தலையோடு, எல்லாரும் ஷாஃப்ட் வாசலைப் பார்த்து ஓடுவார்கள். நானும் கொம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். வரப்பைச் சுற்றிப் போக நேரமில்லை. சரிவில் நேராக இறங்கி, நடு பில்லரை மிதித்துக்கொண்டு, கீழ் பில்லரைத் தாண்டி, ஓடையில் விழுந்து எழுந்து ஓடினேன். பின்னால் மந்தை மிரண்டு தடதடவென்று வரும் சத்தமும் பீரப்பாவின் கூச்சலும் கேட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷாஃப்ட் வாசலில் இரும்புக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயசீலி எனக்கு முன்பே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் பர்னபாஸ் அண்ணனும் என்னவரும் ஒரே ஜோடி. இவர் கட்டையைப் பிடித்தால் அவர் ஆப்பு அடிப்பார். ஜெயசீலி என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அண்ணாந்து மேலே இருந்த சக்கரத்தையே பார்த்தோம். அது சுற்றினால் கேஜ் வருகிறது என்று அர்த்தம். அது சுற்றவில்லை. ஜெயசீலியின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு எந்த வேண்டுதலும் வாயில் வரவில்லை. வாக்குக் கொடுத்தாயே பாவி, வாக்குக் கொடுத்தாயே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சக்கரம் சுற்றியது. முதல் கேஜில் வந்தவர்களில் இருவரும் இல்லை. அடுத்ததில் தலையிலிருந்து கால்வரை சாம்பலாக ஒருவர் இருமிக்கொண்டே இறங்கினார். இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கேட்டைத் திறந்ததும் ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகுதான் ஜெயசீலி என் பின்னால் நிற்பது நினைவுக்கு வந்தது.

"அவரு எங்கண்ணா?" என்று அவள் கேட்டாள்.

என்னவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

பர்னபாஸ் அண்ணனை மறுநாள் காலையில்தான் மேலே கொண்டுவந்தார்கள். அதுவரை நான் ஜெயசீலியை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில், அந்த அழுகைக்கு நடுவில், என் புத்தி கொல்லைக்குப் போய்ப் போய் வந்தது. கேட்க ஆளில்லை. பசித்த மந்தை. இந்நேரம் மூன்று பில்லரும் மொட்டையாகியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இவள் புருஷன் போய்க் கிடக்கிறான், உனக்குத் தாள் கேட்கிறதா என்று என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. தாள் போனால் மண் போகும், மண் போனால் இவர் மறுபடி கீழே இறங்குவார். அடுத்த தடவை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெயசீலி மாதிரி நான் நிற்பேன்.

சாயங்காலம் கல்லறையில் மண் போட்டு முடித்ததும் மேஸ்திரி என்னவரை ஓரமாகக் கூப்பிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"துளசி, இன்னைக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு வந்துடுப்பா. சரிஞ்ச எடத்துல கட்ட குடுக்கணும். உன்ன வுட்டா ஆளில்ல."

அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த மேஸ்திரியை அங்கேயே புதைத்துவிடலாம் போல இருந்தது. மேற்கே இடி உறுமியது. நேற்று ஏறிய மேகம் இன்று தலைக்குமேல் வந்து நின்றது.

என்னவர் அண்ணாந்து பார்த்தார். "கொல்லிய யாருகிட்ட வுட்டுட்டு வந்த?"

"யாருகிட்ட வுடுவாங்க? பூமி ஆடுச்சி, ஓடியாந்தன். ஆட்டுக்காரன் இருந்தான், ஆடுங்க இருந்துச்சி. இந்நேரம் தின்னு ஏப்பம் வுட்டிருக்கும். இன்னா, ஓடியாந்தது தப்பா? கொல்லியப் பாத்துக்கினு குந்தியிருக்கணுமா நானு?"

அவர் கொல்லையைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஓடை இறக்கம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். ஓடையைத் தாண்டி ஏறியதும் வாய் நின்றுவிட்டது.

கீழ் பில்லர் நின்றது. நடு பில்லர் நின்றது. அதற்கும் மேலே, மேல் பில்லரும் சாண் உயரத் தாளோடு அப்படியே நின்றது. மந்தை முழுக்க வரப்புக்கு வெளியே வெறுந்தரையில் படுத்துக் கிடந்தது. பீரப்பா மட்டும் கொல்லைக்கும் மந்தைக்கும் நடுவில், நான் போட்டுவிட்டுப் போன புங்கங்கொம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் தோளில் கம்பளி இல்லை. அது காலடியில் கிடந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து குட்டியின் கால் ஒன்று விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது.

பீரப்பாதான் முதலில் பேசினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

"மிரண்டு உன் பின்னாடியே ஓடுச்சிங்க அக்கா. நடு பட்டையில பூந்துடுச்சி. திருப்பிட்டேன். மேயல. மிதிச்சதுதான், மேயல." மந்தை மேய்ந்துவிட்டது என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தக் கட்டிய குரலில் தெரிந்தது.

"ஏன்யா?" என்றேன். "ஏன்யா மேய வுடல?"

அவர் லைன் வீடுகள் பக்கம் கையைக் காட்டினார். "எல்லா பொம்பளையும் ஓடினாங்க. கீழ இருக்கற ஆம்பளைங்களுக்குன்னு ஊரே ஓடுச்சி. பாத்துக்கினே நின்னேன். நேத்து நீ உயிருன்னு சொன்னியே, அது அப்பதான் தெரிஞ்சிது." என்னவரை ஒரு பார்வை பார்த்தார். "வந்துட்டாரு. நல்லதாச்சி."

நான் அழுதுவிட்டேன். ஜெயசீலி வீட்டில்கூட அப்படி அழவில்லை. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு என்னவரிடம் திரும்பினேன். "ஒரு பில்லர மேய வுடு."

"மழ வருது மணி."

"வரட்டும். இன்னொரு குட்டி சாவுறத என்னால பாக்க முடியாது. எந்த பில்லர்னு நீ சொல்றியா, நானே ஓட்டட்டுமா?"

அவர் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். சுரங்கத்தில் ஒரு பில்லரில் கை வைப்பதற்குமுன் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. "மேல இருக்கறத வுடு," என்றார். "அங்க தண்ணி வரத்து கம்மி. அந்த மண்ணு எறங்குனாலும் நடு பில்லரு புடிச்சிக்கும். ஆனா தூறல் வுழுந்ததும் ஓட்டிடணும் பீரப்பா. ஈர மண்ணுல ஒரு குளம்பு படக் கூடாது."

"நடு பில்லரு புடிக்கலன்னா?" என்றேன்.

அவர் பீரப்பாவைப் பார்த்துக் கையசைத்தார்.

பீரப்பா நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மந்தை எழுந்தது. மேல் பில்லரில் தலைகள் ஒரே வரிசையாக இறங்கின. தாள் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கல்லால் அடித்த கிழட்டு ஆடு நொண்டிக்கொண்டே கடைசியில் வந்து சேர்ந்தது. அதைத் தின்னவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று மேகத்திடம் கெஞ்சினேன். அது எவ்வளவோ பொறுத்தது. மேல் பில்லரில் பாதிக்குமேல் மொட்டையான பிறகுதான் முதல் துளி என் முகத்தில் அறைந்தது. என்னவர் சொன்னபடியே பீரப்பா மந்தையை வெளியே ஓட்டிவிட்டார்.

மழை கொட்டத் தொடங்கியது. மேயவிட்ட இடத்திலிருந்து செம்மண் கரைந்து இறங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். நடு பில்லரில் வந்து முட்டியது. தாளுக்குள் புகுந்து வேகம் குறைந்து பரவியது. அந்தப் பக்கம் போன தண்ணீரில் கலங்கல் குறைந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"அங்க பாரு!" என்று பீரப்பா கத்தினார்.

நடு பில்லரில் ஓரிடத்தில் தாள் இல்லை. நேற்று நான் மிதித்து ஓடிய தடம் அது. என் பின்னாலேயே மிரண்டு வந்த மந்தை அந்தத் தடத்தை அகலமாக்கி நசுக்கி வைத்திருந்தது. பரவிய தண்ணீர் அந்த உடைப்பு வாயைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து அதில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்துத் தாள் வேரோடு பெயர்ந்து போனது. பிடித்து வைத்த மண்ணெல்லாம் அந்த வழியே வெளியேறப் பார்த்தது. புருஷனைத் தேடி ஓடிய என் ஓட்டமே இப்போது அவரை மறுபடி கீழே அனுப்பப் போகிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னவர் என்னைக் கடந்து ஓடி அந்த வாயில் குதித்தார். "கல்லு! கட்ட! எதுனா குடு!"

பீரப்பா குனிந்து, செத்த குட்டியை எடுத்து மெதுவாக வரப்பின்மேல் வைத்தார். கம்பளியை உதறி என்னவரிடம் வீசினார். அவர் அதைச் சுருட்டி உடைப்பில் திணித்தார். புங்கங்கொம்பைக் குறுக்கே கொடுத்தார். நானும் பீரப்பாவும் சுக்கான்கல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு கல்லையும் எங்கே ஆப்பு வைப்பது என்று என்னவர் கைக்குத் தெரிந்திருந்தது. "ஆப்பு!" என்று ஒரு தரம் பக்கவாட்டில் கையை நீட்டினார். பர்னபாஸ் அண்ணனிடம் கேட்கிற பழக்கம். கை ஒரு கணம் அப்படியே நின்றது. நான் அந்தக் கையில் கல்லை வைத்தேன்.

கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்தது. உடைப்பு அடைபட்டது. தண்ணீர் தேங்கி, இரண்டு பக்கத்துத் தாளுக்குள்ளும் திரும்பிப் பரவியது. மேலே இருந்து வந்த மண் ஓடைக்குப் போகாமல் நடு பில்லரின் காலில் படிந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை புதைந்தது. எங்கள் மண். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கோரமண்டல் பக்கமிருந்து சங்கு ஊதியது. ராத்திரி ஷிஃப்டுக்குக் கூப்பிடும் முதல் சங்கு. வரப்போரம் நனைந்து நின்ற ஆடுகள் அத்தனையும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கின. என்னவர் கம்பளிமேல் இரண்டு கையையும் ஊன்றி, மழையில் முதுகு குனிந்து நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்துவிடுகிறவர் அவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேட்கப் பயந்து பயந்து கேட்டேன்.

"சங்கு ஊதுது."

"ஊதட்டும்," என்றார். "இன்னொரு கல்லு குடு."